வெளியிடக் காத்திருக்கும் கமெண்ட்

+
ராயபுரம்
16 ஜூன் 2024

அன்புள்ள பிலோமி அக்காவுக்கு,

ஜூடி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. அப்பா நேற்றுத்தான் டிரிப் முடித்து வந்தார், கூடவே இருமலையும் கொண்டு வந்தார். உனக்குத் திண்டுக்கல் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? நோவிஷியேட்டில் கன்னியாஸ்திரீ ஆகப் பயிற்சி எடுப்பவர்களுக்கு ஃபோன் கூடாது என்று உன் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். அதனால் எது கேட்பதென்றாலும் இப்படிக் கடிதத்தில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வருகிற கடிதங்களை மதர் பிரித்துப் படிப்பார்கள் என்றாயே, அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உன் வலைப்பூவைப் பற்றித்தான் கேட்க வந்தேன். துறைமுகத்துக்குள் போக ரோட்டில் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரிகளைப் பற்றி யாருக்கும் சொல்லாமல் 'வரிசை' என்று நீ எழுதி வந்தாயே, அதை இப்போது நான் எழுதுகிறேன். நீ சொன்னபடி பெயர் போடவில்லை. அப்பாவும் அந்த வரிசையில் நிற்கிற டிரெய்லர் டிரைவர்தான் என்று எங்கேயும் காட்டிக்கொள்ளவில்லை. அப்பா சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொண்டு, எல்லோரும் படுத்த பிறகு போர்வைக்குள் எழுதுகிறேன்.

ஆனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். நீ மூடி வைத்திருந்த கமெண்ட் பெட்டியைத் திறந்துவிட்டேன். படிக்கிறவர்கள் ஒருவராவது இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் திறந்தேன். இருக்கிறார்கள் அக்கா. வரிசையில் நிற்கிற டிரைவர்களே வண்டிக்குள் உட்கார்ந்து படிக்கிறார்கள். திறந்தது தப்பா? நீ ஏன் மூடி வைத்திருந்தாய்?

உடம்பைப் பார்த்துக்கொள். எனக்காக வேண்டிக்கொள்.

உன் தங்கை
ஜூடி


+
திண்டுக்கல்
7 ஜூலை 2024

அன்பு ஜூடிக்குட்டி,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். தண்ணீர் ஒத்துக்கொண்டது, எழுந்திருக்கிற நேரம்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்தில் கீரைப் பாத்தி என் பொறுப்பு. அம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். அப்பாவின் இருமலுக்கு டாக்டரிடம் போனால்தான் ஆகும், நீ கூடவே போ.

கமெண்ட் பெட்டியை மூடிவிடு. நானும் ஆரம்பத்தில் திறந்துதான் வைத்திருந்தேன். எழுதுவது பெண் என்று யாரோ ஊகித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவற்றை இங்கே எழுத முடியாது. ஒருவன் நான் எந்தக் கலர் குடை பிடிக்கிறேன் என்று எழுதினான். அந்த வருடம் நான் பேருந்தில் போவதை விட்டுவிட்டு ரயிலில் கல்லூரிக்குப் போனேன், நினைவிருக்கிறதா? கூட்டம் குறைவு என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

நம்முடைய இடத்தில் நாம் எழுதுகிறோம். படித்துவிட்டுப் போகட்டும். உள்ளே வந்து பேச எல்லோருக்கும் கதவு திறந்து வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அம்மா அப்பாவுக்கு என் அன்பு.

பிலோமி

(இதற்குக் கீழே சிவப்பு மையில், வேறு கையெழுத்தில்:)
பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரவில் ஃபோன் எதற்கு? காலையில் எழுந்து படிக்கவும். – மதர்


+
ராயபுரம்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மருந்து வாங்கியாயிற்று, ஆனால் குடிக்கத்தான் மாட்டேன் என்கிறார். அம்மா ஒத்தடம் கொடுக்கிறாள். மதருக்கு என் வணக்கம். காலையிலும் படிக்கிறேன் என்று சொல்லவும்.

நீ ரயிலில் போன காரணத்தை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

உடனே மூடப் போனேன். மூடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தடவை படித்தேன், அவ்வளவுதான், மூட மனம் வரவில்லை. 'போர்ட்டு கேட்ட மூடிக்கினாங்கோ மாமு, டீய குடிச்சிட்டுக் கவுந்து படு' என்று ஒருவர் எழுதினால், 'டீக்கடையே மூடிக்கினு பூட்டான், நீ வேற பேஜார் பண்ணிகினு' என்று கீழே இன்னொருவர். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் பெட்ரோல் பங்க்கில் கக்கூஸைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேயே பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் என்னையே கேட்கிறார்: 'எய்தறது யாரு தோஸ்து? டிரைவர் மாறியும் கீது, வாத்தியார் மாறியும் கீது.' எல்லோரும் என்னைத் தம்பி என்றும் தோஸ்து என்றும்தான் கூப்பிடுகிறார்கள். பெண் என்று யாருக்கும் தெரியாது.

கெட்ட வார்த்தைகளும் வருகின்றன. அதனால் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். இனி யார் எழுதினாலும் முதலில் என்னிடம்தான் வரும். நான் படித்து 'வெளியிடு' என்பதை அழுத்தினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். கதவைத் திறந்து வைத்துவிட்டு நானே வாசலில் நிற்கிறேன் என்று வைத்துக்கொள். இது உனக்குச் சரியாகப் படுகிறதா?

பதில் போடு.

ஜூடி


+
ராயபுரம்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஆகஸ்டில் எழுதியதற்குப் பதில் வரவில்லை. தியானக் காலம் என்று சொல்லியிருந்தாய், அதனால்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அப்பாதான் சரியாகச் சாப்பிடுவதில்லை.

மனோகரன் என்ற டிரைவர் வரிசையில் நின்றபடியே வண்டிக்குள் இறந்துவிட்டார். அப்பா வேலை செய்யும் அதே கண்டெய்னர் யார்டில்தான் அவரும். குடித்துவிட்டுக் கிடந்தார், சீட்டுக்கடியில் பாட்டில் இருந்தது என்று யார்டில் சொன்னார்கள். தெருவிலும் அதையே சொன்னார்கள். அன்றைக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் போயிருந்ததாகவும், தனக்கு எதுவும் தெரியாது என்றும் அப்பா அம்மாவிடம் சொன்னார். நான் தெருவில் கேட்டதை அப்படியே வலைப்பூவில் எழுதினேன். வரிசையில் நிற்கும் டிரைவர்கள் குடிக்கக் கூடாது என்று புத்தியும் சொல்லி முடித்தேன்.

இரண்டு நாளில் ஒரு கமெண்ட் வந்தது. 'நான் மனோகரன் பொண்டாட்டி மங்கை, எம்.கே.பி. நகர். அந்தாளு குடிச்சத நீ பாத்தியா? என் புள்ளைங்கள ரோட்ல குடிகாரன் பசங்கன்னு கூப்புடறானுங்க. பாத்தவன் எவனாச்சும் இருந்தா இங்க வந்து எய்தச் சொல்லு.'

நான் பார்க்கவில்லை அக்கா. அந்தக் கமெண்டை வெளியிட்டேன். பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள் என்று கீழே ஒரு வரியும் போட்டேன். நேற்று இது வந்தது. பெயர் இல்லை. எழுத்து மாறாமல் கொடுக்கிறேன்:

'+
மனோகரன் குடிக்கல. காத்தாலேர்ந்து நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிகினே இருந்தான். அவன் வண்டிக்குப் பின்னாடி வண்டி என்னுது. ஆட்டோ உள்ள வர வழி இல்ல. குறுக்க நின்ன காலி டிரெய்லர எடுக்கச் சொல்லி சூப்பர்வைசராண்ட போயி கேட்டோம். போயி வண்டில குந்துன்னான். திரும்பி வந்து பாத்தா மனோகரன் சாஞ்சு கெடக்கறான். பாட்டில் அப்ப வண்டில இல்ல. அப்பால வந்துச்சு. மங்கை தங்கச்சி, இத்த சொல்லாம எனக்கு சோறு எறங்கல.'

நான் இதை இன்னும் வெளியிடவில்லை. மேலே சிலுவை போட்டிருக்கிறது, பார். நீயும் நானும் கடிதத்தில் போடுவது போல. யார்டில் டிரிப் ஷீட்டுக்கு மேலேகூடச் சிலுவை போட்டு எழுதுகிற டிரைவர் ஒருவர்தான். அவருக்கு அங்கே என்ன பட்டப்பெயர் என்று உனக்குத் தெரியும். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். மதரும் படிப்பார்கள்.

என்ன செய்யட்டும்?

ஜூடி


+
ராயபுரம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் பதில் இன்னும் வரவில்லை.

இன்னொரு கமெண்ட் வந்திருக்கிறது. 'யார்டப் பத்தி எவன் எய்தினாலும் கண்டுபுடிக்க ரொம்ப நேரம் ஆவாது. வூட்டாண்டயே வருவோம்.' இதையும் வெளியிடவில்லை. அழிக்கவும் இல்லை. அந்தச் சிலுவைக் கமெண்டுக்கு அடுத்ததாக அப்படியே நிற்கிறது.

அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ஃபோனை எடுத்துப் பார்க்கிறார், வைக்கிறார், திரும்ப எடுக்கிறார். 'இன்னாத்த அப்பிடித் தடவிகினு கீறே, லாட்டரியா வுளுந்துச்சு?' என்று அம்மா கேட்டாள். 'ஒண்ணியும் இல்ல' என்றார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். அது வெளிவராததற்குக் காரணம் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வெளியிட்டால் அவருக்கு வேலை போகும். வீட்டு வாசலுக்கு ஆள் வரும். அழித்தால் மங்கை அக்கா கேட்டதற்குப் பதிலே கிடையாது. அவரிடமே கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கேட்டால் வலைப்பூ என்னுடையது என்று தெரிந்துவிடும். மூடிக்கொண்டேன்.

சீக்கிரம் எழுது. பயமாக இருக்கிறது.

ஜூடி


+
திண்டுக்கல்
13 அக்டோபர் 2024

அன்பு ஜூடிக்குட்டி,

தியானம் முடிந்தது. உன் மூன்று கடிதங்களையும் ஒரே நாளில் கொடுத்தார்கள். நான் நலம். கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்று இங்கே சொல்கிறார்கள். அம்மாவிடம் சொல்லாதே.

சிலுவை போட்டு எழுதுகிறவர்கள் ராயபுரத்தில் நிறையப் பேர் உண்டு. ஆனால் நீ யாரைச் சொல்கிறாய் என்று எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நீ நன்றாகத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. உன்னை இதில் விட்டுவிட்டு வந்தது நான்தான்.

நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்:

(இங்கே மூன்று வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.)

அப்பாவுக்கு ஜெபமாலை அனுப்புகிறேன். அம்மாவுக்கு என் முத்தம்.

பிலோமி


+
ராயபுரம்
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோருக்கும் சுகம். உன் உடம்பு எப்படி? இளைத்ததை நான் சொல்லவில்லை. ஜெபமாலை வந்ததுமே, 'புள்ள எளச்சிருப்பா' என்று அம்மாவே சொல்லிவிட்டாள்.

உன் பதிலில் மூன்று வரி அடித்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. வெளியிடு என்றாயா, அழி என்றாயா, தெரியவில்லை. மதர் மேல் கோபம் வந்தது. பிறகு, நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. ஒருவர் எழுதி அனுப்பியதை நடுவில் நின்று பிடித்து வைத்திருக்கிறேன். எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. நீ என்ன எழுதியிருந்தாய் என்று இனிமேல் சொல்லாதே.

வலைப்பூவில் இப்படி எழுதினேன்: 'மனோகரனைப் பற்றி ஒரு கமெண்ட் வந்திருக்கிறது. நான் வெளியிடவில்லை. முதல் வரிக்கு மேலே நீங்கள் பழக்கத்தில் போட்டதைப் பார்த்தாலே எழுதியது யார் என்று யார்டில் தெரிந்துவிடும். அதை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள், போடுகிறேன். வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள், அழித்துவிடுகிறேன்.'

ஒரு வாரம் எதுவும் வரவில்லை. அப்பாவும் வண்டியோடு வரிசைக்குப் போய்விட்டார். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் இது காத்திருந்தது:

'+
தம்பி, நீ நல்லதுக்குத்தான் சொல்றே. ஆனா பேர் இல்லாதவன் சொல்றத எவன் நம்புவான்? மங்கைக்கு இன்னா பிரயோஜனம்? என் பேர் சவரிநாதன். ராயபுரம். அன்னிக்கு நான் காட்டுப்பள்ளியில இல்ல, மனோகரனுக்குப் பின்னாடிதான் நின்னுகினு இருந்தேன். என் வூட்ல கூட பொய் சொல்லிட்டேன். மொதல்ல அனுப்புனத அப்டியே போடு.'

அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டேன். 'இன்னாடி, பேய் அறஞ்சாப்ல நிக்கறே?' என்றாள். வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். மூன்று நாள் அழுத்தவில்லை அக்கா. அவர் தன் வேலையைத்தான் விட்டுக்கொடுக்கிறார். ஆனால் அது அம்மாவின் வீடும் என் பள்ளிக்கூடமும்தான். இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதினாரா என்று தெரியவில்லை. யோசித்திருப்பார். அதனால்தான் இத்தனை நாள் சோறு இறங்கவில்லை.

இன்று ஞாயிறு. பூசைக்குக் கிளம்பும் முன் அவர் அனுப்பிய இரண்டையும் வெளியிட்டேன். மிரட்டியவனின் கமெண்டையும் சேர்த்து வெளியிட்டேன், எப்படி மிரட்டுகிறார்கள் என்பதையும் எல்லோரும் பார்க்கட்டும் என்று. குடித்ததாக நான் எழுதியது தவறு என்று மேலே போட்டேன். பூசையில் என்ன வாசித்தார்கள் என்று கேட்காதே.

ஜூடி


+
திண்டுக்கல்
29 டிசம்பர் 2024

அன்பு ஜூடிக்குட்டி,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் அதற்கான ஆயத்த நாட்களிலும் இங்கே கடிதம் எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. உன் நவம்பர் கடிதத்தை நேற்றுத்தான் கொடுத்தார்கள். அதற்குள் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று நினைத்தால் கீரைப் பாத்தியில் கை ஓடவில்லை.

அப்பா எப்படி இருக்கிறார்? வேலை இருக்கிறதா? யாராவது வீட்டுக்கு வந்தார்களா? எதையும் மறைக்காமல் எழுது. நான் நலம், இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன்.

கமெண்ட் பெட்டியை மூடச் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. எனக்கு வந்தவை வேறு. உனக்கு அப்படி ஒன்று வந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் மூடிவிடு. ஆனால் மூடியிருந்தால் அப்பா எங்கே போய் எழுதியிருப்பார் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

அம்மாவுக்குப் புதுவருட வாழ்த்து.

பிலோமி

(சிவப்பு மையில்:)
உங்கள் தகப்பனாரின் பெயரைக் காலைத் திருப்பலி வேண்டுதலில் சேர்த்திருக்கிறோம். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. – மதர்


+
ராயபுரம்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். மதருக்கு நன்றி சொல்லவும்.

நீ கேட்டபடி எதையும் மறைக்கவில்லை. அப்பாவுக்கு யார்டில் வேலை இல்லை. வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இப்போது காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். வீட்டுக்கு இரண்டு பேர் வந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். அம்மா மீன் கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து அவர்கள் காலடியில் ஊற்றினாள். போய்விட்டார்கள். ஒரு வாரத்துக்கு என்னை அம்மாதான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அப்பா எழுதியதற்குக் கீழே, நசீர் என்ற டிரைவர் மட்டும், 'நானும் சூப்பர்வைசராண்ட கூடப் போனேன்' என்று பெயரோடு எழுதினார். மற்றவர்கள் எழுதவில்லை. மங்கை அக்கா ஒரு வக்கீலைப் பார்த்திருக்கிறார். அப்பாவும் நசீரும் சாட்சி சொல்லப் போவார்கள். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

போன வாரம் பாஸ்கர் என்ற டிரைவரிடமிருந்து கமெண்ட் வந்தது. 'சிலுவை சவரி புளுவறான். ஓனர் புது வண்டிய அவனுக்குக் குடுக்கல, அந்தக் கடுப்புல எய்தறான். அன்னிக்கு அவன் வண்டில தூங்கிகினு இருந்தான், நான் பாத்தேன்.' நடுவில் அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை இருந்தது. படித்த உடனே அழித்துவிட்டேன். அப்பா இதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

நேற்று மத்தியானம் அப்பா கோபமாக வந்தார். டீக்கடையில் பாஸ்கர் எல்லோர் முன்னாலும் சிரித்தாராம். 'நானும்தான் எய்தினேன், போட மாட்டேங்கறானே உன் ஆளு, பயந்துகினானா?' என்று.

'அவன் எய்தினத்த ஏன் போடல?' என்று அப்பா அம்மாவிடம் கத்தினார்.

'என்னியக் கேட்டா? நானா அத்த நடத்தறேன்?' என்றாள் அம்மா.

'கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு பேரச் சொல்லி ஓலை எதுக்குப் படிக்கறாங்க? தடை இருக்கறவன் வந்து சொல்லட்டும்னுதான? சொல்ல வந்தவன் வாயப் பொத்திட்டு ஓலை படிச்சா அந்தக் கல்யாணத்த எவன் மதிப்பான்? நாளிக்கு யார்டு வக்கீலு இதையேதான் கேப்பான். சவரி சொன்னத மட்டும் போட்டுக்கினாங்கன்னு சொல்லுவான். நான் பாஸ்கராண்ட பதில் சொல்லணும். அந்தத் தம்பி யாருன்னு தெரிஞ்சா நேராப் போயி கேட்டுருவேன்.'

நான் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன்.

'நான்தான்ப்பா அழிச்சேன்' என்றேன்.

'எத்த?'

'பாஸ்கர் அண்ணன் எழுதினத. அந்த பிளாக்கு நான்தான் எழுதறேன். முன்னாடி அக்கா எழுதிச்சு.'

'அடிப்பாவி!' என்று அம்மா கரண்டியோடு வந்தாள். அப்பா கையை நீட்டி அவளை நிறுத்தினார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன், சுவர்ப் பக்கம் ஒதுங்கினேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

'நான் அனுப்புனத மொதல்ல நிறுத்தி வெச்சது?'

'நான்தான்.'

'அப்பால போட்டது?'

'நானேதான்.'

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். 'தம்பி தம்பின்னு எய்திகினு இருந்தேன்' என்றார். பிறகு, 'அழிச்சத திரும்பக் கொண்டாற முடியுமா?'

'முடியாது.'

'அப்போ அவன திரும்ப எய்தச் சொல்லு. இப்பவே.'

அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன்: 'பாஸ்கர் அண்ணா, உங்கள் கமெண்டை நான் பயந்துபோய் அழித்துவிட்டேன். தவறு. மறுபடி எழுதுங்கள். ஒரு பெண்ணைப் பற்றிய அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம். மற்றதை அப்படியே போடுகிறேன். சவரிநாதன் பதில் சொல்ல இருக்கிறார்.'

இன்று காலையில் பாஸ்கர் எழுதி அனுப்பினார். முன்பைவிட நீளம். அந்த வார்த்தை இல்லை. வெளியிட்டுவிட்டேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு மத்தியானத்திலிருந்து பதில் தட்டிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி. நடுவில் என்னிடம், 'சூப்பர்வைசர்னு எய்தினா அவன் பேரும் போடணுமா?' என்று கேட்டார். 'உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் போடுங்கள்' என்றேன். 'மொதலாளி மாறி பேசறா பாரு' என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா இன்னும் என்னுடன் பேசவில்லை. சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

அவர் முடித்ததும் அது எனக்குத்தான் வரும். படித்துவிட்டு வெளியிடுவேன். பாஸ்கர் மறுபடி எழுதுவார்.

நீ நன்றாகச் சாப்பிடு. வெயில் வருகிறது, தலையில் துணி போட்டுக்கொண்டு பாத்திக்குப் போ.

உன் தங்கை
ஜூடி